தரையோடு ஒட்டிக்கொள்ளும் பெடல்

மிதித்த கிளட்ச் பெடல் மேலே வராமல் தரையோடு கிடந்துவிட்டால், பலரும் முதலில் சந்தேகப்படுவது கிளட்ச் பிளேட்டைத்தான். அந்தச் சந்தேகத்தை நம்பி கியர்பாக்ஸையே இறக்குவதும் உண்டு. ஆனால் பிளேட் தேய்ந்தால் கார் இழுக்காது, என்ஜின் வீணாகச் சுழலும்; அவ்வளவுதான். பெடலைக் கீழே பிடித்து வைப்பது பெரும்பாலும் அதற்கும் பிளேட்டுக்கும் இடையே உள்ள ஆயில்.

இன்றைய மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் கேபிள் கிடையாது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் கியர்பாக்ஸ் அருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் நகர்ந்து, ரிலீஸ் பேரிங்கை டயஃப்ரம் ஸ்பிரிங்மேல் அழுத்துகிறது. பிளேட்டின் பிடி விடுகிறது. காலை எடுத்தால் அதே டயஃப்ரம் ஸ்பிரிங்தான் ஆயிலைத் திருப்பி அனுப்பிப் பெடலை மேலே தூக்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் காரின் தனிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. என்ஜினின் முறுக்கு விசை அதிகம் என்பதால் பிளேட்டை இறுக்கும் ஸ்பிரிங்கும் முரடாக இருக்க வேண்டும், பெடல் கனக்கும். அந்தக் கனத்தைக் குறைக்கப் பல கார்களில் பெடலோடு ஓர் உதவி ஸ்பிரிங்கைப் பொருத்துகிறார்கள். அது பெடலைப் பாதி தூரம் வரை மேலே தள்ளும். பாதியைத் தாண்டியதும் காலுக்கு உதவியாகக் கீழே தள்ளும். குழாயில் அழுத்தம் சரியாக இருக்கும்வரை நல்லது. அழுத்தம் குறைந்துவிட்டால், உதவிக்கு வந்த ஸ்பிரிங்கே பெடலைத் தரையில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அழுத்தம் ஏன் குறைகிறது? திரவம் அமுங்காது, காற்றும் ஆவியும் அமுங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரிதான். ரேஸ் டிராக்கில் கிளட்ச் உறைக்குள் சூடு ஏறும்போது பழைய ஆயில் ஆவியாகத் தொடங்க, சாலையில் ஒழுங்காக இருந்த பெடல் அங்கே சதி செய்கிறது.

ஸ்லேவ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட்டில் அது உறைக்குள்ளேயே, தண்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கிறது. சூடும் கிளட்ச் தூசும் அதன் சீலுக்கு நேரடி எதிரிகள். ஆயில் கறுத்துப்போவது இந்தக் காரில் பழகிய காட்சி. மாஸ்டர் சிலிண்டருக்கான ஆயில் டப்பாவிலிருந்து கறுத்ததை உறிஞ்சி எடுத்துப் புதிதை ஊற்றுவது, பெடலைச் சில முறை மிதிப்பது, மறுபடி மாற்றுவது என உரிமையாளர்கள் ஒரு வழக்கமே வைத்திருக்கிறார்கள். கஞ்சத்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸ் பின்சக்கரங்களோடு சேர்ந்திருப்பதால், சிலிண்டரை எட்ட காரின் பின்பாதி இயக்கத் தொகுதியையே இறக்க வேண்டும்.

420 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 996 டர்போவில் நோய் வேறு. பெடலை இலகுவாக்கப் பவர் ஸ்டீரிங் பம்பின் அழுத்தத்தையே அங்கே கடன் வாங்குகிறார்கள். அந்த அழுத்தத்தைச் சேமிக்கும் கலம் பழுதானால் பெடல் ஒட்டாது; கல்லாக இறுகிவிடும்.

பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் பழுதே இல்லாமல் ஒரு புகார் உண்டு: பெடலை விட்ட பிறகும் கிளட்ச் சற்றுத் தாமதமாகப் பிடிக்கிறது. திடீர் அதிர்ச்சி கியர்களைத் தாக்காதிருக்க, குழாயில் குறுகிய துளையுள்ள வால்வை நிறுவனமே வைத்திருக்கிறது. வேகமாகக் கியர் மாற்றும் ஆர்வலர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுகிறார்கள்.

எந்தக் காரானாலும் சோதனை எளிமையானது. நாலைந்து முறை வேகமாக மிதித்தால் பெடல் இறுகி, கியர் ஒழுங்காக விழுகிறதா? குழாயில் காற்று இருக்கிறது. ஏர் எடுத்துப் புது ஆயில் நிரப்பினால் பெரும்பாலும் தீரும். சிக்னலில் மிதித்தபடியே நிற்கும்போது பெடல் மெல்ல இறங்கி, வெளியே ஒரு சொட்டும் கசியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போய்விட்டது. கால்மிதியின் மேல்புறம் ஈரமானாலும் குற்றவாளி அதே சிலிண்டர்தான். மிதிக்கும்போது மட்டும் கேட்கும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்கினுடையது. அதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.