இறைச்சி சுடும் அடுப்பும் கடற்காற்றும்

பெருநாள் முடிந்த மறுநாட் காலையில் கல்முனைக் கரையோர வீதிகளில் நடந்து செல்பவர் ஒரு காட்சியைக் காணத் தவறார். வளவின் மூலையில், கிணற்றுக்கட்டின் அருகே, முந்திய இரவு இறைச்சி சுட்ட அடுப்பு கால்களை விரித்தபடி தனியே நிற்கும். அதன் கம்பிகளில் கொழுப்பு உறைந்திருக்கும். அடியிற் கரியும் சாம்பலும் பனியில் நனைந்து கிடக்கும். இரவு அதனைச் சூழ்ந்து நின்றோர் அனைவரும் உறக்கத்தில் இருப்பர். அதனைத் துப்புரவு செய்ய வேண்டியவர் யார் என்னும் வினாவுக்கு அவ்வீட்டில் எவரிடமும் விடை இராது.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவ்வடுப்பைப் பற்றியே. பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பேசுவதற்கு இதனினும் உயர்ந்த பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். அவ்வடுப்பைத் துலக்குவதில் நான் செய்த ஒரு பிழை, எங்கள் குடும்பத்தவரை ஓர் இரவு முழுவதும் வைத்தியசாலை வாங்கிலில் அமர வைத்தது. அதனைச் சொல்லாது விடுவது முறையன்று.

தீயில் இறைச்சி சுடுதல் தமிழ் பேசுவோருக்குப் புதியதன்று. கரிகாலன் பொருநர்க்கு அளித்த விருந்தில், கம்பியிற் கோத்துச் சுட்ட இறைச்சி பரிமாறப்பட்டதைப் பொருநராற்றுப்படை சொல்கின்றது. அக்கம்பிகளை மறுநாள் துலக்கியவர் யார் என்பதை மட்டும் முடத்தாமக்கண்ணியார் கூறினாரல்லர். என் இளமைக் காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று கற்களும், அவற்றின் மேல் ஒரு துண்டுக் கம்பிவலையுமே இருந்தன. மூத்தம்மா அதிற் பாரை மீனைச் சுட்டுத் தருவார். உண்டு முடிந்ததும் தேங்காய்ப் பொச்சைச் சாம்பலில் தோய்த்து வலையைத் தேய்த்துக் கழுவி, அடுப்படிச் சுவரில் மாட்டிவிடுவார். அந்த வேலை முடியாமல் அவர் படுத்ததை நான் கண்டதில்லை.

இன்று நிலைமை வேறு. கட்டார், சவூதி அரேபியா முதலிய நாடுகளிலே தொழில் பார்த்துத் திரும்பியவர்கள் மூடியும் காற்றுத் துவாரமும் உள்ள அடுப்புகளைக் கொண்டுவந்தனர். அதனைப் பார்த்து நமதூர் வெல்டிங் பட்டறைகளில், எண்ணெய்ப் பீப்பாவை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து கால் பொருத்திக் கொடுக்கின்றனர். எல்லோரும் அதனைப் பீபீகியூ அடுப்பு என்றே அழைக்கின்றனர். கரீபியத் தீவுகளின் ஆதிக்குடிகள் தீயின் மேல் அமைத்த மரப் பரணைக் குறித்த சொல், ஸ்பானியர் வாயிற் புகுந்து, ஆங்கிலத்துக்கு வந்து, இறுதியிற் சாய்ந்தமருது வரை வந்து சேர்ந்திருக்கின்றது. அடுப்பு வந்தது, மூத்தம்மாவின் பொச்சு வரவில்லை. அந்த இடத்திற்குத்தான் வயர் பிரஷ் எனப்படும் கம்பித் தூரிகை வந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், பெருநாளுக்கு முதல் நாள், கறள் ஏறிக் கிடந்த எங்கள் அடுப்பைத் துலக்குவதற்காகக் கடைத்தெருவில் மலிவான ஒரு தூரிகையை வாங்கி வந்தேன். ஒரு மணி நேரம் பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். கம்பிகள் பளபளத்தன. வீட்டார் பாராட்டவும் செய்தனர். மறுநாளிரவு என் ராத்தாவின் பேரன், எட்டு வயதுச் சிறுவன், இரண்டு துண்டு உண்டபின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “மூத்தாப்பா, தொண்டையில முள் குத்துது” என்றான். “இறைச்சியில முள் ஏதுடா மகன்?” என்று கூறி ராத்தா சிரித்தார். மீன் முள் சிக்கினாற் செய்வதுபோல, வெறுஞ் சோற்றை உருண்டையாக்கி விழுங்கச் செய்தோம். அது இரண்டாவது பிழை. சிறிது நேரத்தில் அவன் உமிழ்நீரையும் விழுங்க மாட்டாமல் அழத் தொடங்கினான். வைத்தியசாலையில் எடுத்த படத்தில், மயிரிழை போன்ற ஒரு கம்பித் துண்டு நாவின் அடிப்புறத்திற் குத்தி நிற்பது தெரிந்தது. அவனை மயக்கத்தில் ஆழ்த்தி அதனை அகற்றினர். சிறுவன் நலமடைந்தான். விடியற்காலை வீடு திரும்பியதும், குப்பை வாளியிலிருந்து அத்தூரிகையை எடுத்துப் பார்த்தேன். கம்பிகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பிடி வழுக்கை விழுந்த தலைபோல் இருந்தது.

இஃது எங்கள் வீட்டுக்கு மாத்திரம் நேர்ந்த விபத்தன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். அமெரிக்காவின் பிரொவிடென்ஸ் நகரில், 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரையான காலத்தில், இவ்வாறு தூரிகைக் கம்பியை விழுங்கிய 6 பேர் சிகிச்சை பெற்றதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2012 ஜூலையில் அறிவித்தது. சிலருக்குக் கழுத்துத் தசையில் துளை. சிலருக்கோ கம்பி குடல் வரை சென்று அதனைத் துளைத்துவிட்டமையால் அவசர சத்திரசிகிச்சை. 2002 முதல் 2014 வரை அந்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இக்காரணத்தால் வந்தோர் 1,600 பேருக்கு மேல் என்று 2016இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கம்பித் துண்டு கொழுப்பில் ஒட்டிக்கொண்டு கம்பியோடு கம்பியாய் மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆதலின், உணவு படும் கம்பித்தட்டில் வயர் பிரஷ் படவே கூடாது என்பது எனது தீர்மானம். இறைச்சி உண்டபின் எவரேனும் தொண்டையிற் குத்துவதாகச் சொன்னால், சோறும் வாழைப்பழமும் கொடுத்துக் காலம் போக்காது வைத்தியரிடம் செல்க. எதைக் கொண்டு அடுப்பைத் துலக்கினீர்கள் என்பதையும் அவரிடம் மறவாது சொல்க.

இனி, அவ்வளவு கறள் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்ப்போம். நமது ஊர்கள் கடலுக்கு அணித்தாய் அமைந்தவை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் உலர்ந்து, உப்புத் துகள்களாக வீட்டுச் சுவர், சன்னற் கம்பி, சைக்கிள், அடுப்பு ஆகிய அனைத்தின் மீதும் படிகின்றன. உப்புக்கு ஒரு குணமுண்டு. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டுமாயின், அது காற்றிலுள்ள நீராவியைத் தானே இழுத்து உப்புநீராக மாறிவிடும். நமது கரையில் இரவு தோறும் இதுவே நிகழ்கின்றது. மழை பெய்யாத கச்சான் காலத்திலுங்கூட இரும்பு இரவில் நனைந்தே இருக்கின்றது. அடுப்பினுட் கிடக்கும் சாம்பலோ அவ்வீரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி, பகலிலும் உலரவிடாது இரும்போடு அணைத்து வைத்திருக்கும். பீப்பா அடுப்புகள் எப்போதும் அடித்தகட்டில் முதலில் ஓட்டையாவதன் காரணம் இதுவே. தீயினால் அடுப்புக் கெடுவது குறைவு. தீ அணைந்தபின் கிடப்பதனால் கெடுவதே அதிகம்.

ஆகவே துலக்க வேண்டிய நேரம் மறுநாட் காலையன்று, அன்றிரவே. இறைச்சியை எடுத்தபின் கம்பித்தட்டை மேலும் பத்து நிமிடம் தணலின் மேல் விட்டுவிடுக. ஒட்டியிருக்கும் கொழுப்பும் மசாலாவும் கருகி உதிரும் பதத்துக்கு வரும். அப்போது, உடைந்த சிரட்டையின் விளிம்பினாலோ மரச் சட்டுவத்தினாலோ சுரண்டினால் எளிதிற் கழன்றுவிடும். தட்டை இறக்கிக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின், மூத்தம்மா செய்தவாறு பொச்சையும் புதிய சாம்பலையும் கொண்டு தேய்க்கலாம். சாம்பலிலுள்ள காரம் கொழுப்போடு சேர்ந்து ஒருவகைச் சவர்க்காரமாகவே மாறுகின்றது. மூத்தம்மாவுக்கு இரசாயனம் தெரியாது, செய்கை தெரிந்திருந்தது. அதே சாம்பல் உள்ளே கிடந்தால் பகை, கையில் எடுத்துத் தேய்த்துக் கழுவிவிட்டால் துணை. கறளுக்குத் தேசிக்காய் நல்லது. ஆனால் புளிப்பைக் கழுவாது விட்டால் அதுவே புதுக் கறளை உண்டாக்கும். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவர் உடையது. கடைசிக் கழுவலுக்குக் குழாய் நீரையே பயன்படுத்துக. கழுவிய தட்டை ஈரச் சீலையால் ஒருமுறை அழுத்தித் துடைத்து, அச்சீலையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

அடுத்தது எண்ணெய். இங்கே நமதூர்ப் பழக்கத்தோடு நான் மாறுபடுகின்றேன். எதற்கும் தேங்காயெண்ணெய் என்பது நமது வழக்கு. சமையலுக்கு அது சிறந்ததாகலாம், இரும்புக்குக் காப்பாகாது. சில எண்ணெய்கள் சூட்டிலும் காற்றிலும் இறுகி, மெல்லிய கறுப்பு மெழுகுபோல இரும்பைப் பற்றிக்கொள்ளும். பழகிய தோசைக்கல்லின் கருமை அத்தகையதே. தேங்காயெண்ணெய் அவ்வாறு இறுகும் இயல்புடையதன்று. பிசுபிசுப்பாய் நின்று தூசியையும் உப்பையும் சேர்த்துக்கொள்ளும். நல்லெண்ணெய் அல்லது சோயா எண்ணெயைச் சீலையில் தொட்டு, பூசியது தெரியாத அளவுக்கு மெல்லிதாகப் பூசி, புகை அடங்கும் வரை தணலிற் காயவிடுக. இவ்வாறு மூன்று முறை செய்தால் கம்பி கறுத்து வழுவழுப்பாகும், இறைச்சியும் ஒட்டாது. துருப்பிடிக்கா உருக்கினாலான தட்டுக்கு இது வேண்டியதில்லை. ஆயினும் கடலுப்பு அதனையும் சும்மா விடுவதில்லை. புள்ளி புள்ளியாக அரிக்கும். கழுவாதிருக்க அது அனுமதிச்சீட்டு ஆகாது.

கம்பித்தட்டு பழுதானால் வேலிக்கு வாங்கிய வெண்ணிறக் கம்பிவலையை வெட்டி வைப்போர் உளர். அவ்வலையின் மேற் பூசப்பட்டிருப்பது நாகம் என்னும் உலோகம். தேசிப்புளியில் ஊறிய இறைச்சி பட்டால் அது கரைந்து உணவிற் சேரும்; வயிற்றைக் குமட்டும். மிகுந்த சூட்டில் எழும் அதன் புகை காய்ச்சலைத் தருவதை வெல்டிங் தொழிலாளர் நன்கறிவர். புதுத் தட்டுக்குச் சிறிது பணம் செலவிடுவதே மேல்.

தணலைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரையில் இறைச்சி சுடும் இளைஞர்கள், முடிந்ததும் தணலை மணலுக்குள் புதைத்துவிட்டு வருகின்றனர். மணல் தணலை அணைப்பதில்லை; மறைக்கின்றது. பல மணி நேரம் கழிந்த பின்னும் உள்ளே சூடு இருக்கும். விடியற்காலை வலை இழுக்க வருவோரும், அவர்கள் பின்னே ஓடிவரும் பிள்ளைகளும் வெறுங்காலோடு வருகின்றனர். ஒரு வாளி நீரில் தணலை இட்டுக் கிளறி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறியபின் வெளியே எடுத்துவிடுக. வீட்டிலும் அவ்வாறே செய்க. சூடான இரும்பினுள்ளே நீரை ஊற்றாதீர்கள், அது நெளிந்துவிடும். எரிவாயு அடுப்பு வைத்திருப்போர் குழாய் மூட்டுகளிற் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்க்கட்டும். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. மழை வந்துவிட்டதென்று கரியடுப்பை அறைக்குள் தூக்கிச் செல்லுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது. கரி எரியும்போது எழும் காபன் ஓரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும்.

வாடைக்காற்றுத் தொடங்கி மாரிமழை பிடித்தால், தை கழியும் வரை நமது பகுதியில் அடுப்புக்கு வேலை குறைவு. அதற்கு முன் சாம்பலை முற்றாக வழித்தெடுத்து, உடலையும் தட்டையும் கழுவி, வெயிலில் ஒருநாள் உலரவிட்டு, எண்ணெய் பூசுக. தட்டைப் பழைய கடதாசியிற் சுற்றி வீட்டினுள்ளே வையுங்கள். அடுப்பை இரண்டு கற்களின் மேல் ஏற்றி, நிலத்தீரம் படாதவாறு தாழ்வாரத்தில் நிறுத்துக. பொலித்தீன் உறையால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கறள் பிடிக்கும். பழைய சாக்கே போதும். மீண்டும் எடுக்கும் நாளில், இறைச்சி வைப்பதற்கு முன்னர், வெறுந் தணலின் மேல் தட்டைக் கால்மணி நேரம் காயவைத்து, ஈரச் சீலையைச் சுற்றிய இடுக்கியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.