மாவு அங்கே, பொங்குவது இங்கே

டிசம்பர் மாதம் ஊட்டியில் இட்லி மாவு கரைத்து வைத்தால் விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். அதே அரிசி, அதே உளுந்து, அதே உப்பு. சென்னையில் மே மாதம் வைத்தால் நள்ளிரவுக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். நியூயார்க் நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் குடியேறுகிறவர்களின் கணக்கும் இப்படித்தான் இயங்குகிறது. சம்பளம் மாவு. போய்ச் சேரும் ஊரின் மலிவு, அதைப் பொங்க வைக்கும் சூடு. டிம் ஃபெரிஸ் 2007இல் எழுதிய ‘தி 4-அவர் வொர்க்வீக்’ புத்தகம் இந்த ஏற்பாட்டை ஜியோ ஆர்பிட்ரேஜ் என்ற பெயரில் பிரபலமாக்கியது.

மலிவு எங்கிருந்து வருகிறது? முடிதிருத்தகத்தில் போய் உட்கார்ந்தால் தெரியும். ஒரு தலைக்கு முடிவெட்ட நியூயார்க்கிலும் அரை மணி நேரம், சியாங் மாயிலும் அரை மணி நேரம். ஆனால் நியூயார்க்கில் முடிவெட்டுபவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் என்ன கூலி கிடைக்குமோ, அதை ஒட்டித்தான் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். வங்கியும் மென்பொருளும் கூலியைத் தூக்கிவிட்ட ஊரில் முடிவெட்டும் கூலியும் கூடவே ஏறும். பேலா பலாஸா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1964இல் தனித்தனியே விளக்கியது இதைத்தான். முடிவெட்டைக் கப்பலில் ஏற்றி விற்க முடியாது. வாடகை வீட்டையும் சுடச்சுடப் பரிமாறும் சாப்பாட்டையும் ஏற்ற முடியாது. லேப்டாப்பை ஏற்றலாம், ஆகவே அதன் விலை எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்குவதைத் தாய்லாந்தில் சுமார் மூன்றில் ஒரு டாலருக்கு வாங்கிவிடலாம்.

இங்கேதான் பலரின் கணக்கு தவறுகிறது. சூடு இருந்தால் மட்டும் மாவு பொங்காது, உளுந்து வேண்டும். வெறும் அரிசி மாவு புளிக்குமே தவிர உப்பி நிற்காது. மாதச் செலவில் வாடகை, கடைச் சாப்பாடு, சலவை, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் உளுந்து. கல்விக்கடன் தவணை, மென்பொருள் சந்தா, ஊருக்குப் போய்வரும் விமான டிக்கெட், பெற்றோருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அரிசி.

மாதம் 3,000 டாலர் செலவு செய்யும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 2,400 டாலர் உள்ளூர்ச் செலவு. இடம் மாறினால் அது தோராயமாக 800 ஆகும். மாதம் 1,600 மிச்சம். இன்னொருவருக்குத் தவணையும் சந்தாவும் போக உள்ளூர்ச் செலவு 900தான். அது 300 ஆனாலும் மிச்சம் 600. அதிலும் ஒரு பங்கை விமானம் தின்றுவிடும். இருவருக்கும் ஒரே மொத்தச் செலவு, ஒரே ஊர். ஆகவே எந்த நாடு மலிவு என்று தேடுவதற்கு முன் தன் செலவில் உளுந்து எவ்வளவு என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சென்னையில் ரூபாய்ச் சம்பளம் வாங்குகிறவர் சியாங் மாய் போனால் மாவு பொங்காது. சராசரி விலைவாசியில் இந்தியா தாய்லாந்தைவிட மலிவு. அவர் ஏற்கெனவே சூடான ஊரில்தான் இருக்கிறார்.

போன இடத்தில் எப்படி வாழ்கிறோம் என்பதும் விகிதத்தை மாற்றும். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்டு, மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸைத் தூவித் தரும் காவ் சோய், சியாங் மாயில் சாதாரணக் கடையில் தாய்லாந்து நாணயத்தில் 50, 60 பாட். அதே ஊரின் நிம்மன்ஹேமின் சாலையில் உள்ள ஏசி காப்பிக் கடைகளில் ஒரு லாட்டே அதைவிட அதிகம். அமெரிக்காவில் சாப்பிட்ட அதே சீஸ், அதே ஒயின் என்று கேட்டால் இறக்குமதி விலைதான்.

நேரம் இன்னொரு பெரிய செலவு. குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சியாங் மாயில் இரவு 9. விடியற்காலை 5 மணி வரை மீட்டிங், அதன்பின் தூக்கம். நல்ல காவ் சோய் கடைகள் பல பிற்பகலோடு மூடிவிடும். மலிவான ஊருக்கு வந்துவிட்டு இரவெல்லாம் செவன் இலெவன் கடையில் சாப்பிடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. லண்டன் நிறுவனமென்றால் அங்கே காலை 9 இங்கே பிற்பகல் 3, 4. உடம்பு அதைத் தாங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை வேறு நகரை மூடிக்கொள்ளும். அப்போது தெற்கே தீவுகளுக்கு ஓடுகிறவர்கள் இரண்டு இடத்தில் வாடகை கட்டுகிறார்கள்.

சூடும் நிலையாக இருப்பதில்லை. 2022 அக்டோபரில் ஒரு டாலருக்கு சுமார் 38 பாட் கிடைத்தது. 2025 நடுவில் 32, 33. கடைக்காரர் விலையை ஏற்றாமலேயே சம்பளம் சுருங்கிவிட்டது. சில நிறுவனங்கள் மாவிலேயே ஒரு கரண்டி எடுத்துவிடும்: குடியிருக்கும் ஊரைப் பொறுத்துச் சம்பளம் மாறும் என்று ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க் 2020 மே மாதமே அறிவித்தார்.

பொங்குகிற மாவுக்குப் பாத்திரத்தில் மேலே இடம் விட வேண்டும். அந்தப் பாத்திரம் விசா. தாய்லாந்து 2024 ஜூலையில் டிடிவி என்ற விசாவைக் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டு செல்லும். ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், தாய்லாந்து நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்கினால் குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிக்க வேண்டும். ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் ஆகிவிட்டால் வரிக் கணக்கில் நீங்கள் அந்த நாட்டுவாசி. 2024 ஜனவரி முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதற்கும் வரி உண்டு. விசா தருகிற 180 நாளும் வரி கேட்கிற 180 நாளும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அமெரிக்கக் குடிமக்களை அவர்கள் நாட்டு வரியும் விடாது. உலகில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

கடைசியாகப் புளிப்பு. சூட்டில் நெடுநேரம் விட்ட மாவு புளித்துப் போகும்; அதைச் சாப்பிட வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பின் ரஷ்யர்கள் ஜார்ஜியாவின் திபிலிசிக்குத் திரண்டு வந்தபோது வாடகை எகிறியது. 2025 ஜூலையில் மெக்சிகோ நகரின் கொண்டேசா, ரோமா பகுதிகளில் உள்ளூர் மக்கள் வாடகை உயர்வை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. டாலர் சம்பளக்காரர் பேரம் பேசாமல் கொடுக்கும் வாடகைதான் அடுத்து வரும் உள்ளூர்க் குடும்பத்திடம் வீட்டுக்காரர் சொல்லும் வாடகை. மாத வாடகை வீடுகள் நாள் வாடகைக்கு மாறினால் அந்தக் குடும்பத்துக்கு வீடே கிடைக்காது. போகிறவர் நிம்மன்ஹேமினை விட்டுத் தள்ளி, தாய்லாந்துக் குடும்பங்கள் இருக்கும் கட்டிடத்தில், ஆறு மாதமோ ஓராண்டோ ஒப்பந்தம் போட்டு, பக்கத்து வீட்டில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து அதையே கொடுப்பது நல்லது. வாடகையைத் தாங்கவும் சம்பளம் இருக்கிறது, விசாரிக்கவும் நேரம் இருக்கிறது. அங்கேயே பிறந்து, அங்கேயே பாட் நாணயத்தில் கூலி வாங்குகிறவருக்குப் பொங்க வைக்க வேறு மாவு கிடையாது.