கோலி சோடாவில் ‘புஸ்’ சத்தம் வரலையா? முதல்ல வாஷரைப் பாருங்க!

திண்டுக்கல் வெயிலில் சீரகச் சம்பா பிரியாணியை ஒரு பிடி பிடிச்சுட்டு வெளியே வர்றீங்க. கை தானா கோலி சோடாவைத் தேடும். கோலியை அமுக்கினா ‘புஸ்ஸ்’னு சத்தம் வரணும். வரலைன்னா, குடிக்கப்போறது சப்புனு ஒரு தண்ணி. கேஸ் எங்கே போச்சு? பெரும்பாலும், பாட்டில் கழுத்துக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் வழியாத்தான்.

இந்த பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை வாங்கியவர், ஹிரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துதான் சோடா நிரப்புவார்கள். அப்போது கோலி வாய்ப்பக்கம் உருண்டு வந்து வாஷரில் உட்காரும். உள்ளே இருக்கும் கேஸே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கேஸ்தான் பூட்டு, வாஷர் சரியில்லைன்னா பூட்டு விழாது.

வாஷரைக் கெடுப்பது எது?

* வெயில்: ரப்பர் காய்ந்து, இறுகி, வெடிப்பு விடும்.
* சர்க்கரைப் பாகு: சரியாகக் கழுவாவிட்டால் பிசுக்காகப் படிந்து, கோலியை ஒழுங்காக உட்கார விடாது.
* வாசலின், எண்ணெய்: ‘வழவழன்னு இருக்கட்டுமே’னு தடவாதீங்க. இயற்கை ரப்பர் ஊதி, இளகிப்போகும்.

வீட்டில் சோடா போட சின்ன ஸ்டீல் கெக் வாங்கியிருக்கீங்களா? அதிலும் இதே கதைதான். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் பயன்படுத்தும் கெக், முதலில் குளிர்பானத்துக்காக வந்ததுதான். (தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் தயாரிக்க முடியாது. நாம சோடாவோட நிறுத்திக்குவோம்!)

கெக் மூடியில் ஒரு பெரிய ‘ஓ-ரிங்’ இருக்கும். கேஸ், தண்ணீர்க் குழாய்கள் மாட்டும் இடங்களில் சின்ன ரிங்குகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவுங்க. கத்தி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கீறல் விழும். அதில்தான் கசிவு ஆரம்பிக்கும். உணவுத் தரமுள்ள சிலிக்கான் கிரீஸ் துளியூண்டு தடவினால் போதும். மூடியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி கொஞ்சம் கேஸ் கொடுத்தால், ரிங் கச்சிதமாக உட்காரும்.

சந்தேகமா? சோப்பு நீரைத் தடவிப் பாருங்க. குமிழி வந்தால் கசிவு. உடனே ரிங்கை மாத்திடுங்க. தண்ணீர் நல்லா ஜில்லுனு இருந்தால்தான் கேஸ் அதிகம் கரையும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: கசியுதேன்னு கேஸை ஏத்திக்கிட்டே போகாதீங்க. கேஸ் நிரப்பிய கெக்கையோ சோடா பாட்டிலையோ வெயிலில் வைக்கவே கூடாது. சூடு ஏற ஏற உள்ளே அழுத்தமும் கூடும். கீறல் விழுந்த கண்ணாடி பாட்டில் வெடித்தால் கண்ணுக்கே ஆபத்து. கெக்கைத் திறக்கும் முன் கேஸை முழுசா வெளியேத்துங்க.

சில ரூபாய் ரப்பர் வளையம்தான். ஆனா ‘புஸ்’ அதோட கையில்தான் இருக்கு!