நர்சிங் பள்ளியில் சேருமுன்...



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்ம ஓட்டப்பிடாரம் பக்கம் பல வீடுகளில் கேட்கும் பேச்சு, "பிள்ளைய நர்சிங்ல சேத்துட்டா வேலை உறுதி" என்பதுதான். அதுக்காக உளுந்து வித்த காசும், தீப்பெட்டி ஆபீஸ் கூலியும், அம்மாவோட கம்மலும் போகிறது. ஆனால் "அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்பவர்கள் குறைவு. அதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சென்னை மாகாணத்தில் 1926-லேயே நர்சுகளுக்கும் தாதியருக்கும் தனிச் சட்டம் வந்துவிட்டது. படித்து முடித்தவர்களின் பெயரைத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் பதிவு செய்கிறது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் அந்தப் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. சான்றிதழ் எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

ஏ.என்.எம். 2 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். நம்ம துணை சுகாதார நிலையத்துக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் ஏ.என்.எம். படித்தவர். "ஆறே மாசத்துல நர்ஸ் ஆகலாம்" என்று நோட்டீஸ் ஒட்டினால், அது உதவியாளர் பயிற்சியே தவிர நர்ஸ் படிப்பு இல்லை.

இது வெறும் காகித விஷயமா? இல்லை. ஊசி போடுவதையும் பிரசவம் பார்ப்பதையும் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது. மாணவிகள் வார்டில் நின்று பழக மருத்துவமனை வேண்டும். அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுமதி தருகிறார்கள். அதற்காக, அங்கீகாரம் இருந்தாலே நல்லா சொல்லித்தருவார்கள் என்றும் அர்த்தமில்லை. அங்கே படித்த அக்காக்களிடமும் விசாரிக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை:
1. நான் சேரும் படிப்புக்கு, இந்த வருடத்துக்கு அனுமதி உண்டா? (ஒரு படிப்புக்கு வாங்கிய அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது.)
2. பயிற்சி எந்த மருத்துவமனையில்?
3. முடித்தவர்களுக்குப் பதிவு எண் கிடைத்ததா?

பள்ளிக்காரர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல், குழுமத்தின் இணையதளத்திலும் பாருங்க. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனால் பத்து நிமிஷ வேலைதான்.

பத்து நிமிஷம் பார்ப்போம். மூன்று வருஷத்தைக் காப்போம்!

– பிளஸ் டூ மாணவி