அறுந்த பட்டி கூறும் சாட்சியம்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலருக்கும் இவ்வனுபவம் நேர்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் முன்புறத்தில் 'பட்' என ஓர் ஓசை எழும். மறுகணம் சிவப்பு விளக்கொன்று எரியும். சிறிது தூரம் செல்வதற்குள் நீர் கொதித்து ஆவி கிளம்பும். பேச்சு வழக்கில் நாம் 'பான் பெல்ற்' என்று கூறும் விசிறிப்பட்டி அறுந்துவிட்டது. புதியதொன்றை மாட்டிப் புறப்படுகிறோம். ஆனால், பட்டி மீண்டும் மீண்டும் அறுமாயின் குற்றம் பெரும்பாலும் பட்டியினுடையதன்று. அக்குற்றத்தைத் தேடிக் காணும் முறையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிற் பட்டியின் தொழிலை அறிவோம். எஞ்சினின் சுழல்தண்டு முனையில் ஒரு கப்பி உண்டு. பழைய வண்டிகளில் அக்கப்பியிலிருந்து இயக்கத்தைப் பெறும் பட்டி, விசிறியோடு கூடிய நீர்ப்பம்பியையும், மின்சாரம் பிறப்பிக்கும் டைனமோவையும் சுழற்றுகிறது. பட்டி அறுந்தால் இரண்டும் நின்றுவிடும். மின்சாரம் நின்றால் பற்றரி சிறிது நேரம் தாங்கும். நீரோட்டம் நின்றால் எஞ்சின் தாங்காது. சூடேறிய எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் தலை வளைந்துவிடும். ஆகவே சிவப்பு விளக்கு எரிந்தவுடன் வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

யான் பொறியியல் கற்றவனல்லன். இதனைக் கற்பித்தது என் வண்டியே. 1961ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் அது. இரண்டு மாதங்களுள் அதன் பட்டி இருமுறை அறுந்தது. இருமுறையும் புதிய பட்டி மாட்டினேன். கிறீச்சென்ற ஒலி கேட்டபோதெல்லாம் மேலும் இறுக்கச் செய்தேன். மூன்றாம் முறை அது அறுந்தது, நோயுற்ற என் தாயாரைக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு சென்ற இரவில், ஆனையிறவைக் கடந்த சிறிது நேரத்தில். அவ்வழி வந்த லொறிக்காரர் ஒருவர் இரக்கங்கொண்டு எங்களை ஏற்றிச் சென்றிராவிடின் என்ன நேர்ந்திருக்குமோ! தாயார் பிழைத்தார். மறுநாள் பளையிலிருந்து முதிய திருத்துநர் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் பொனற்றைத் திறக்குமுன் கேட்ட கேள்வி இதுதான்: "மாஸ்ரர், அறுந்த பெல்ற் எங்கை?"

முன்னைய இரண்டையும் யான் எறிந்துவிட்டிருந்தேன். மூன்றாவதை எடுத்துக் கொடுத்தேன். அதன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, நூல் பிரிந்திருந்தது. "இது இழுபட்டு அறுந்ததில்லை, சரிஞ்சு ஓடி அறுந்தது" என்றார் அவர்.

அறுந்த பட்டி உண்மையிலேயே ஒரு சாட்சி. இருபக்கமும் கண்ணாடிபோற் பளபளத்தால், அது தளர்ந்து வழுக்கியிருக்கிறது. ஊதி மென்மையாகியிருந்தால், எண்ணெய்க் கசிவு அதனைக் கெடுத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், கப்பிகள் ஒரே நேரில் இல்லை. ஆப்பு வடிவான இப்பட்டி தன் இரு பக்கங்களாலேயே கப்பியைப் பற்றுகிறது. கப்பிப் பள்ளத்தின் அடி பளபளத்தால், பட்டியோ கப்பியோ தேய்ந்து, பட்டி அடியில் தங்கி வழுக்குகிறது என்பது பொருள்.

அடுத்து அவர் நேரான இரும்புச் சட்டமொன்றைக் கப்பிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தார். நேராகவே இருந்தன. பின்னர் புதிய பட்டியை மாட்டி இறுக்கி மீண்டும் வைத்தார். இப்போது டைனமோவின் கப்பி சாய்ந்து நின்றது. டைனமோவைத் தாங்கும் பின்புறப் போல்ற்றின் துளை தேய்ந்து அகன்றிருந்தது. பட்டி இறுகுந்தோறும் டைனமோ சாய்ந்தது; ஒலியை அடக்க யான் மேலும் இறுக்கியதாற் சாய்வும் மிகுந்தது. மிகையான இறுக்கத்தால் நீர்ப்பம்பியின் பெயரிங்கும் ஆட்டங் கண்டிருந்தது. நோய்க்கு மருந்தென நினைத்து நோயையே வளர்த்திருக்கிறேன்! தாங்கியையும் பம்பியையும் மாற்றிய பின் மாட்டிய பட்டி இன்றுவரை அறவில்லை.

இக்கால வண்டிகளில் பல வரிகள் கொண்ட நீண்ட பட்டி ஒன்றே பல கருவிகளையும் சுழற்றுகிறது. தானே இறுக்கும் வில்லமைப்பும் அதற்குண்டு. அங்கும் தேடும் முறை இதுவே. வில் தளர்ந்துள்ளதா, ஒவ்வொரு கப்பியும் தடையின்றிச் சுழல்கிறதா எனப் பட்டியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஓடும் பட்டியின் வரிப்பக்கத்திற் சிறிது நீரைத் தெளித்தால், ஒலி சற்றே அடங்கி மீளுமாயின் கப்பிகள் நேரில் இல்லை. ஒலி மிகுமாயின் இறுக்கம் போதாது. நீர் தெளிக்கையிற் கையும் ஆடையும் பட்டியை அணுகாதிருக்கட்டும். ஏனைய சோதனைகளை எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே செய்க.

இன்னுமொன்று: புதிய பட்டியைத் திருப்புளியால் நெம்பி ஏற்றாதீர்கள், உள்ளிருக்கும் நூல்கள் அறுந்து, அது விரைவிற் கெடும். டைனமோவைத் தளர்த்தி எஞ்சின் பக்கம் தள்ளினால் பட்டி எளிதில் ஏறும். அறுந்த பட்டியையோ எறிந்துவிடாது, திருத்துநரின் கையிற் கொடுங்கள்.