சிவில் வழக்கும் அதன் செலவும்

ஆராய்ச்சி மணியை அசைத்துச் சோழனிடம் முறையிட்ட பசுவுக்கு வக்கீலும் இல்லை, வக்காலத்தும் இல்லை. ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திப் பாண்டியன் அவை புகுந்த கண்ணகியும் தன் வழக்கைத் தானே உரைத்துத் தானே சான்று காட்டினாள். இக்காலத்தும் ஒருவர் தம் வழக்கைத் தாமே நடத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் கட்சிக்காரர் தாமே மன்றத்தில் தோன்றுவதற்கு இடந்தந்தே இருக்கிறது. ஆயினும் சட்டத்தின் சொல்லும் நெறியும் பழகாதார்க்கு அஃது ஆழந்தெரியாத ஆற்றில் இறங்குவதனையே ஒக்கும். ஆதலின் நம்மவர் வக்கீலை நாடுகின்றனர், நாடுவதும் முறையே.

ஆனால், நாடிச் செல்பவர் கேட்கவேண்டிய முதற் கேள்வியைக் கேட்பதில்லை. கத்தரிக்காய் வாங்கும்போது காற்படிக்கும் விலை பேசுபவர், காணிநிலத்தைப் பற்றிய வழக்கை ஒப்படைக்கும்போது, “ஐயா, இதற்கு ஆகுஞ் செலவு யாது?” என வினவ நாணுகின்றார். கற்றாரிடத்தில் கூலி பேசுதல் மரியாதைக் குறைவு என்பது அவர் எண்ணம். பின்னர்ப் பணம் தவணை தவணையாகக் கரையுங்கால், போனதெல்லாம் வக்கீல் பைக்கே போயிற்று என்று ஊரெங்கும் தூற்றுவர். இவ்விரண்டும் தவறென்பது எம் கருத்து. வழக்கின் செலவு ஒரே வழியாற் போவதன்று. அது பல வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடுவது. அவ்வாய்க்கால்களைத் தமிழ்நாட்டு மன்றங்களின் நடைமுறை கொண்டு ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவர் தம் நண்பருக்குப் புரோநோட்டின் பேரில் ரூ. 2,00,000 கடன் கொடுத்தார் என்று கொள்வோம். கெடு கழிந்தும் பணம் வரவில்லை. மூன்றாண்டுக் காலவரையறைக்குள் வழக்கிட்டாலன்றி உரிமை அழியும். முதலில் வக்கீல் வழியாக ஓர் அறிவிப்பு அனுப்புகிறார். அதற்கே ஒரு தொகை ஆகும். பயனில்லை எனின் பிராது தாக்கல் செய்ய வேண்டும். அப்போது நீதிமன்றக் கட்டணம் என்னும் வாய்க்கால் திறக்கிறது. இக்கட்டணத்தை வரையறுப்பது 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டமாகும். பண வழக்குகளுக்கு முன்னர் நூற்றுக்கு ஏழரை வீதம் வாங்கி வந்தனர். 2017-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அது நூற்றுக்கு மூன்றாயிற்று. ஆகவே, முன்பு ரூ. 15,000 கட்டவேண்டியிருந்த நம் கடன்காரருக்கு இப்போது ரூ. 6,000 போதும். இத்தொகையில் ஒரு காசும் வக்கீலைச் சேர்வதில்லை. முழுவதும் அரசாங்கத்துக்கே உரியது. வக்கீலிடம் எண்ணிக் கொடுத்தமையாலே அவர்தாம் வாங்கிக்கொண்டார் என்று நினைப்பார் பலர். அதனாலேயே இதனை அழுத்திச் சொல்கின்றோம். வழக்கிற் தோற்று மேல்முறையீடு செய்யின், அம்மேல் மன்றத்திலும் இக்கட்டணத்தை மீண்டும் கட்டவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

எல்லா வழக்குக்கும் ஒரே அளவு என்று கருதற்க. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கக் கோருபவர், அச்சொத்தைப் பிறருடன் கூட்டாக அனுபவித்து வருவாராயின் வரையறுத்த ஒரு சிறு தொகை கட்டினால் அமையும். அனுபவத்தினின்றும் விலக்கப்பட்டவராயின் தம் பங்கின் சந்தை மதிப்பின்மீது கட்டவேண்டும். ஒரே வீட்டில் வாழும் தம்பியும், துரத்தப்பட்டு அயலூரில் வாழும் தம்பியும் ஒரே பாகத்தைக் கோரினும் முதல் நாளிலேயே இருவர் செலவும் வேறாகின்றது. துரத்தப்பட்டவனுக்கே செலவு மிகுதி என்பது எமக்குச் சற்றே உறுத்துகிறது. ஆயினும் சட்டம் அவ்வாறே உளது.

இனிச் சில்லறைச் செலவுகள். எதிரிக்குச் சம்மன் சேர்ப்பிக்கப் பேட்டா, சாட்சிகளுக்குப் படி, பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, ஆவணங்களின் நகல், தட்டச்சு என இவை ஒவ்வொன்றும் சிறியன. நிலத்தை நேரிற் கண்டு அளந்து அறிக்கையிட மன்றம் ஒரு கமிஷனரை நியமிக்குமாயின், அவர்க்கும் ஊதியம் கொடுத்தல் வேண்டும். எறும்பு ஊரக் கல்லுந் தேயும் என்பது இச்செலவுகளுக்குச் சாலப் பொருந்தும்.

வக்கீலின் ஊதியத்துக்கு வருவோம். இதற்குச் சந்தை விலை என்று ஒன்று எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. 1926-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமொன்று, வக்கீலும் கட்சிக்காரரும் தம்முள் ஒப்பந்தம் செய்து கட்டணத்தை முடிவு செய்துகொள்ளலாம் எனக் கூறுகிறது. கொடாவிடின் வக்கீல் வழக்கிட்டு வாங்கவும் அது வழி செய்தது. எனவே, பேசி முடிப்பதே சட்டத்தின் நெறி. பேசாதிருப்பதே அதற்குப் புறம்பானது. வழக்கின் பெறுமானம், ஆவணங்களின் பெருக்கம், சாட்சிகளின் எண்ணிக்கை, வக்கீலின் பழக்கமும் புகழும், மன்றம் முன்சீப் கோர்ட்டா ஜில்லா கோர்ட்டா உயர் நீதிமன்றமா என்பது ஆகிய இவற்றுக்கேற்பத் தொகை ஏறும் அல்லது இறங்கும். சிலர் வழக்கு முழுமைக்கும் மொத்தமாக ஒரு தொகை பேசிப் படிப்படியாகப் பெறுவர். சிலர் தோன்றும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்பர். பல்லாண்டு நீளக்கூடிய வழக்கில் நாட்கணக்குப் பேசுவது கட்சிக்காரருக்கு அச்சந் தருவதே. மொத்தத் தொகையே நன்று என யாம் எண்ணுகின்றோம். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அம்மொத்தத்துள் எவை எவை அடங்கும் என்பதே அது. இடைக்காலத் தடையுத்தரவு கோரும் மனு அடங்குமா? குறுக்கு விசாரணை அடங்குமா? டிக்ரி பெற்ற பின் அதனை நிறைவேற்றும் மனு அடங்குமா? மேல்முறையீடு பெரும்பாலும் தனிக் கணக்கே. இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக் கொள்வது பிற்காலத்து மனக்கசப்பைத் தடுக்கும். கொடுத்த தொகைக்கெல்லாம் ரசீதும் பெறுதல் வேண்டும். நேர்மையுள்ள வக்கீல் இதனை விரும்புவாரேயன்றி வெறார்.

“வென்றால் பாதி உமக்கு, தோற்றால் ஒன்றுமில்லை” என்று பேசுவார் சிலர். கேட்கும் ஏழைக்கு இஃது இனிக்கும். அமெரிக்க நாட்டில் இவ்வழக்கம் பல வகை வழக்குகளில் உண்டு. நம் நாட்டிலோ வழக்கின் முடிவைப் பொறுத்து ஊதியம் பேசுவதையும், கிடைக்கும் பொருளிற் பங்கு கொள்வதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் விலக்குகின்றன. 1954-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அத்தகைய உடன்படிக்கை செய்த வக்கீலொருவரின் செயலைத் தொழிலொழுக்கத்துக்கு மாறானதெனக் கண்டது. வக்கீல் விற்பது உழைப்பே, வெற்றியன்று. வெற்றியை விலை பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

சீனியர் அட்வொகேட் எனப்படும் மூத்த வழக்கறிஞரை அமர்த்த விரும்புவார் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் இப்பிரிவை ஏற்கின்றது. மூத்தவர் தாமே வக்காலத்துத் தாக்கல் செய்யார். வேறொரு வக்கீலுடன்தான் தோன்றுவார். ஆதலின் ஊதியம் இருவருக்கு. சிறு வழக்குக்கு இவ்வேற்பாடு, கொசுவை அடிக்கக் கோடரி எடுத்த கதையாகும்.

வக்காலத்து என்றமையால் ஒரு சொல். அதிற் கையொப்பமிடுவாருட் பெரும்பாலார் அதனைப் படிப்பதில்லை. சமாதானம் செய்துகொள்ளவும், பணத்தைக் கட்டவும் பெறவும் வக்கீலுக்கு அதிகாரம் அளிக்கும் வாசகங்கள் அதில் இருக்கக்கூடும். மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் (1826-1889), உயர் மன்றத் தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்துச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார்கள். தமிழில் நாவல் இலக்கியத்தைத் தொடங்கியவர்கள் என்றே அவர்களை நாம் பாடங் கேட்கிறோம். வழக்கு மன்றத்தின் மொழி வழக்காடுவோனுக்கு விளங்கவேண்டும் என்று உழைத்த அப்பணியும் நாவலுக்குக் குறைந்ததன்று.

“வென்றவனுக்குத் தோற்றவன் செலவு கொடுப்பானே” என்பார்க்கு விடை கூறுவோம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, தோற்றவர் வென்றவர்க்குச் செலவுத்தொகை தருவதே பொது நெறி. ஆனால் டிக்ரியிற் சேரும் வக்கீல் கட்டணம், கட்சிக்காரர் உண்மையிற் கொடுத்த தொகையன்று. விதிகள் வகுத்த அளவேயாகும். அவ்வளவு, கைப்பட்ட செலவுக்குப் பெரிதும் குறைந்தது. வீண் வழக்கென்று தெரிந்தே தொடுத்தவர் கொடுக்கவேண்டிய ஈட்டுத் தொகைக்கோ 35-அ பிரிவு ரூ. 3,000 என எல்லை கட்டியிருக்கிறது. இத்தொகை யாருக்கு அச்சம் விளைக்கும்? செலவுத்தொகை மெய்யான செலவை ஒட்டியதாய் இருத்தல் வேண்டும் என 2005-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. வென்றவர் கைப்பொருள் முழுதும் மீளும் என்று கணக்கிட்டு வழக்கிற் புகுதல் இன்றும் தகாது.

எல்லாவற்றினும் கொடிய செலவு காலமே. அதனை எந்த ரசீதும் காட்டாது. விசாரணையில் ஒரு கட்சிக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் அளிக்கலாகாது என நடைமுறைச் சட்டம் விதித்தும், வாய்தாக்கள் மூன்றோடு நிற்பதை நாம் எளிதிற் காண்பதில்லை. கிராமத்துக் குடியானவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாட் கூலியை இழக்கிறார். பஸ் கட்டணமும் உணவும் தனி. தீர்ப்பு வந்தபின்னும் துன்பம் ஓயாது. இந்தியாவில் வழக்காடுபவரின் இடர்கள் டிக்ரி கிடைத்தபின்னரே தொடங்குகின்றன என்னும் கருத்தைப் பிரிவி கவுன்சில் 1872-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு திங்களுக்குள் முடிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இலும் கட்டளையிட நேர்ந்ததெனின், இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகளின் நிலையை உய்த்துணரலாம். வாணிகஞ் சாராத கடனுக்கு டிக்ரிக்குப் பின் மன்றம் அளிக்கும் வட்டியோ ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறுக்கு மேற்படாது. கடன்பட்டவருக்குத் தாமதமே ஆதாயம்.

ஆதலின் சமாதானத்தைச் செலவுக் கணக்கில் ஒரு வழியாகவே வைத்து எண்ணவேண்டும். காந்தியடிகள் 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றது தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்குக்காகவே. எதிரியும் அவர்க்கு உறவினர். வக்கீல்களுக்குக் கொடுக்கும் தொகை இரு திறத்தாரின் செல்வத்தையும் விழுங்கிவிடும் என்று கண்ட அடிகள், இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இசைவித்தார். அப்துல்லா வென்றார். தோற்றவர் ஏறத்தாழ 37,000 பவுனையும் செலவையும் ஒருங்கே கொடுத்து அழிந்துபோகாதபடி, நீண்ட தவணைகளிற் கட்டவும் அவர் ஏற்பாடு செய்தார். இன்று நம் சட்டமும் இவ்வழிக்குத் துணை நிற்கிறது. 89-ஆம் பிரிவின்படி மன்றம் அனுப்பும் சமரசத்தில் வழக்கு முடியின், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர் தாமே வெளியிற் பேசி முடித்துக்கொண்டாலும் அவ்வாறே என்று 2021-ஆம் ஆண்டில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கடன்காரர் இடைவழியில் உடன்பாடு கண்டால் அந்த ரூ. 6,000 அவர் கைக்கு மீளும்.

முதலே இல்லாதவர் என் செய்வது? நீதிமன்றக் கட்டணம் கட்ட வகையற்றவர் வறியவராக வழக்கிட 33-ஆம் கட்டளை இடந்தருகிறது. இது கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதன்று, தள்ளிவைப்பதே. வென்றால் மன்றம் குறிக்கும் கட்சியிடமிருந்து அரசாங்கம் அதனை வாங்கும். தோற்றால் வறியவரே கடன்படுவார். வக்கீலுக்கு வழி வேறு. 1987-இல் இயற்றப்பெற்று 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர் முதலியோர்க்கு வருமான வரம்பின்றி இலவசமாக வக்கீலை அளிக்கிறது. குறைந்த வருவாயுள்ள ஏனையோரும் பெறலாம். செல்வர் வீட்டுப் பெண்ணாயினும் கேட்கலாம் என்பதைப் பலர் அறியார். மக்கள் நீதிமன்றத்திற் கட்டணமே இல்லை. முன்னர்க் கட்டியதும் திரும்ப வரும். ஆனால் அங்கே உடன்பட்டு முடித்ததன்மேல் மேல்முறையீடு கிடையாது. எனவே ஒப்பமிடுமுன் நன்கு எண்ணவேண்டும்.

இறுதியாக ஒன்று. கட்டணத் தகராற்றால் வக்கீலை மாற்ற நேரும்போது, பாக்கியைக் காட்டிக் கட்சிக்காரரின் கட்டுகளைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியிருக்கிறது. பாக்கிக்கு அவர் வேறு வழியை நாடவேண்டும். இதனை அறியாமல், மூலப்பத்திரம் போய்விடுமே என அஞ்சி, விருப்பமில்லா வக்கீலிடமே ஆண்டுக்கணக்கில் நிற்பார் உளர். அன்னார் தாலுகா நீதிமன்ற வளாகத்துள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் வினவினும் வழி சொல்வர்.