பழைய டி.வி.க்குக் கழுத்தில்தான் உயிர்

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தத் தலைமுறையின் டயனோரா, சாலிடேர் பெட்டிகள், இழுத்து மூடும் மர ஷட்டரோடு, இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. வீடு மாறும்போதோ கைமாறும்போதோ அவை லாரி ஏறுகின்றன. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், உள்ளே உயிர் போய் வந்து சேரும் பெட்டிகளும் உண்டு.

எல்லோரும் திரையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள். ஆபத்து இருப்பதோ பின்னால். பிக்சர் டியூப் என்பது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் குடுவை. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் வெளிக்காற்று அதை அழுத்துகிறது. 20 அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல். அதனால்தான் முகக் கண்ணாடி அவ்வளவு தடிமன். பின்னால் போகப் போக மெலிந்து, கட்டைவிரலைவிடச் சற்றே பருத்த கழுத்தாக முடிகிறது. அதன் நுனியில், காற்றை எடுத்தபின் உருக்கி அடைத்த சின்ன மூக்கு. அதில் விரிசல் விழுந்தால் போதும், காற்று உள்ளே புகுந்துவிடும். மாற்று டியூபைக் கடையில் வாங்கவும் முடியாது.

ஆகவே பின்மூடியில் புடைத்திருக்கும் பகுதியில் எந்தப் பாரமும் படக்கூடாது. தடித்த ஃபோமின் நடுவே அதற்கென்று பள்ளம் வெட்டி, பெட்டியின் நான்கு மூலைகள் மட்டும் ஃபோமில் பதியும்படி வைக்க வேண்டும். அதை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, அதையும் இன்னொரு பெரிய பெட்டியில், சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டராவது ஃபோம் கொடுத்து இறக்குவதே நல்லது. தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டினால் கனம் தாங்காது. செட் மெல்ல மெல்ல அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாலிஷ் போட்ட மரத்தில் பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் வெயிலில் புள்ளிப் புள்ளியாகத் தடம் விழும். முதலில் பழைய பருத்தி வேட்டி ஒன்றைச் சுற்றுங்கள். சேனல் குமிழ்களைக் கழற்றித் தனியாகக் கட்டிவிடலாம்.

சொந்தக் காரில் கொண்டுபோவதானால் ஃபோம் மெத்தைமேல் திரை கீழே பார்க்கக் கவிழ்த்து வைப்பேன். கனமெல்லாம் முன்பக்கம் இருப்பதால் அது உருளாது.

வந்து சேர்ந்ததும் பின்மூடியைத் திறக்கப் பழைய டி.வி. மெக்கானிக்கையே கூப்பிடுங்கள். டியூபில் ரப்பர் மூடி மாட்டிய இடத்தில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கக்கூடும். டியூபின் உட்புறத்தில், மிஞ்சிய வாயுவை உறிஞ்ச வைத்த வெள்ளி நிற பேரியப் பூச்சு தெரியும். அது பளபளப்பாக இருந்தால் மற்றவற்றைச் சோதிக்கலாம். பால்வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. சுவிட்சைப் போட வேண்டாம்.